சேத்தக்காவின் பழைய பிரஷ்

வாயைத் திற என்று சொல்லாத குறைதான். முழங்கால் வரை சேற்றில் புதைந்து நின்று, இடது கையால் கண்டல் கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த பழைய பல் பிரஷ்ஷால் அதன் தண்டை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாள் சேத்தக்கா. "ஆடாத, நேரா நில்லு! உனக்கு ஒருத்திக்கே தேச்சிக்கிட்டிருந்தா மத்தவளுங்கள யாரு பாக்கறது?" பத்தடி தள்ளிப் படகில் உட்கார்ந்திருந்த அவள் கணவர், படகுக்காரர், கொட்டாவி விட்டார். கட்டின மனைவி செடிக்குப் பல் விளக்கிவிடுவதைத் தினமும் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

தேய்ப்பதற்குக் காரணம் உண்டு. கடல்நீர் ஏறி இறங்கும் இடத்தில் எது நின்றாலும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும் ஒரு சிறு உயிர் இருக்கிறது. புத்தகங்களில் அதற்கு ஏதோ பெயர். அக்காவுக்கு அது 'ஒட்டுக் கழுதை'. ஒன்று ஒட்டினால் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று ஏறி, பாரம் தாங்காமல் கன்று தலைகுப்புறச் சாய்ந்துவிடும். நதி கடலோடு சேரும் கழிமுகத்தில் கண்டல் வளர்த்து அலையாத்திக் காடு உண்டாக்கும் வேலையில் மற்ற பெண்கள் நடுவதோடு கரையேறிவிடுவார்கள். அக்கா மட்டும் தினமும் தேய்ப்பாள்.

'சேத்துல நிக்கிற அக்கா' என்று யாரோ சொல்லப் போய், அது தேய்ந்து சேத்தக்கா ஆயிற்று. புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்புச் செருகலில் பிரஷ். சேற்றில் நடப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. முதலில் குதிகாலைத் திருகி எடுப்பாள், பிறகு பாதத்தை உருவுவாள். புதிதாக வருகிறவர்கள் நேராகக் காலைத் தூக்குவார்கள், கால் மட்டும் வரும். "போச்சா? இந்தச் சேத்துக்குள்ள ஒரு செருப்புக் கடையே இருக்கு. ஒரு நாளைக்குத் தோண்டி எடுத்துக் கடை போடப்போறேன்" என்பாள்.

தெருவில் யார் வீட்டில் பிரஷ் தேய்ந்தாலும் குப்பைக்குப் போகாது, அக்காவிடம் வந்துவிடும். குளியலறை ஜன்னலில் ஒரு தகர டப்பா நிறைய வைத்திருப்பாள். மகள் கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த மருமகன், மாமியார் வீட்டில் வசதியெல்லாம் பலமாக இருக்கிறதே என்று அந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நிதானமாகப் பல் தேய்த்துவிட்டார். பார்த்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். இன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் மகள் திரும்பி வந்துவிடுவாள் என்று படகுக்காரர் பயப்படுகிறார்.

நட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அக்காதான். எங்கேயாவது சேற்றில் நட்டால் சரி என்றிருந்த பழைய வனத்துறை அதிகாரி அவள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். அவள் ஆற்று வாயில் பரந்து கிடந்த வெறும் சேற்றுவெளியைக் காட்டினாள். ஏன் அங்கே? படகுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரிடம் மட்டும் சொன்னாள்: "பாலத்துல போற பஸ்ஸுல இருந்து பாத்தா பளிச்சுன்னு தெரியும்ல!" பஸ்ஸில் ஏறினால் இடதுபக்க ஜன்னல்தான் வேண்டும் அவளுக்கு. பாலம் வந்ததும் பக்கத்தில் இருப்பவர் தூங்கினாலும் தட்டி எழுப்பி, "அந்தா, வரிசை வரிசையா பச்சையாத் தெரியுது பாருங்க, அது நான் நட்டது" என்பாள்.

போன கோடையில் மாறுதலாகி வந்த இளம் பெண் அதிகாரிக்கு அந்த வரிசைகள் பிடிக்கவில்லை. தண்ணீர் வடிந்த நேரம் பார்த்து அக்காவைக் கரைக்கு அழைத்துப்போய் பைனாகுலரைக் கையில் கொடுத்தாள். "அக்கா, இது பறவைங்க மேயற இடம். சேத்துக்குள்ள இருக்கற புழுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. செடி மறைச்சா எதிரி ஒளிஞ்சிருப்பான்னு பயந்து இறங்காதுங்க. செடிக்கும் இங்க பாதி நாள் தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டுது. உங்க கையாலதான் இதெல்லாம் நிக்குது. நீங்க விட்டா அவ்வளவுதான். பிடுங்கிடலாம்க்கா."

அக்கா அன்று முகமெல்லாம் பல்லாக வீடு வந்தாள். "கேட்டீங்களா, என் கையாலதான் நிக்குதாம். மேடமே சொல்லிட்டாங்க."

படகுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அது பாராட்டு இல்லைன்னு நினைக்கிறேன்."

"உங்களுக்கு எப்பவுமே பொறாமை" என்று சொல்லிவிட்டு, பிடுங்க முடியாது என்று மறுநாள் அதிகாரியிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். வேறு ஆட்களை வைத்துப் பிடுங்கினால் சேற்றிலேயே படுத்துக்கொள்வேன் என்றாள். செய்யக்கூடியவள்தான். அதிகாரி அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டாள்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அக்கா பெட்டி கட்டினாள். போவதற்கு முன் கணவர் கையில் பிரஷ்ஷைத் திணித்து, "ஒரு நாள் விடாமத் தேய்க்கணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். படகுக்காரரும் இறங்கினார். முதல் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குமேல் அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பேத்தியைக் குளிப்பாட்டி, கொஞ்சி, தலை நின்றதும் அக்கா திரும்பி வந்தாள். வந்த கையோடு படகை எடுக்கச் சொன்னாள். பாதிக் கன்றுகள் ஓடு மூடி, முதுகு வளைந்து, சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தன. திட்டுவாள் என்று கணவர் தலையைக் குனிந்து காத்திருந்தார். திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஒரு பிள்ளைப்பேறு பாத்துட்டு வர்றதுக்குள்ள படுத்துடுச்சுங்களே" என்றாள் கடைசியில். "பஸ்ஸுல போறவன் பாக்கணும்னு கொண்டாந்து இதுங்களத் தண்ணிக்குள்ள நிறுத்திட்டேன். வயிறு எரியுதுங்க." ஒரு கன்றை நிமிர்த்தி வைத்தாள், அது மறுபடி சாய்ந்தது. "மேடத்துக்குப் போனப் போடுங்க. ஆளு யாரும் வேணாம்னு சொல்லுங்க. நட்டது நானு, நானே பிடுங்கறேன்" என்றாள்.

பிடுங்கினாள். பிடுங்கிய ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கிப் படகில் அடுக்கினாள். "சாகப்போறதுக்கு எதுக்கு அலங்காரம்?" என்று கேட்க வாயெடுத்த படகுக்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கன்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வேலை உள்ளே மாறியது. கழிமுகத்தின் பின்பக்கம், கைவிடப்பட்ட பழைய இறால் குட்டை ஒன்றின் கரையை உடைத்து, கடல்நீர் வந்துபோக வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் தானே விதை கொண்டுவரும், செடி தானே முளைக்கும் என்றாள் அதிகாரி. "நட வேணாம், தேய்க்க வேணாம், தொடவே வேணாம். எது வருது, எது போகுதுன்னு பாத்துச் சொன்னா போதும்க்கா. அதுதான் இனி உங்க வேலை."

"பாக்கறதுக்கு ஒரு வேலையா? அப்ப நான் எதுக்கு மேடம்?"

மறுநாளிலிருந்து அக்கா போனாள், பார்த்தாள், வந்தாள். வீட்டில் தகர டப்பாவைக் காணவில்லை. படகுக்காரர் கேட்டதற்கு, "குப்பையில போட்டேன், இப்ப என்ன?" என்று எரிந்து விழுந்தாள். பஸ்ஸில் வலதுபக்கம் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் பாலத்தின்மேல் யாரோ, "அடேயப்பா, எவ்வளவு பறவை!" என்று கத்த, பஸ்ஸே இடதுபக்கம் சாய்ந்தது. அக்காவும் எழுந்து எட்டிப் பார்த்தாள். சேறு தெரியாமல் பறவைகள் இறங்கியிருந்தன. யாரையும் தட்டவில்லை, உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் ஒரு நாள், உடைத்த கரையின் வாயருகே படகை நிறுத்தியிருந்தார்கள். எதிர்க்கரையில் அதிகாரி பைனாகுலரோடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா சேற்றில் இறங்கி நாலடி நடந்து, சட்டென்று நின்றாள். அங்கே ஒரு கன்று. யாரும் நடாதது. நாலே இலை. தண்டில் புத்தம்புதிதாக இரண்டு ஒட்டுக் கழுதைகள்.

குந்தி உட்கார்ந்தாள். தொடக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும், படகுக்காரருக்கும் தெரியும். அவள் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே பிரஷ் இருந்தது.

"என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க? அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றாள்.

படகுக்காரர் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் சரக், சரக் என்று சத்தம் ஆரம்பித்தது. எதிர்க்கரையில் பைனாகுலர் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. அவர் படகில் எழுந்து நின்று, தோளில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து, இரண்டு கைகளாலும் அகல விரித்து, வெயிலில் காயவைப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.