மிகேல் சொன்ன ஸ்ட்ராங்

பெங்களூருக்கு வந்த புதிதில் ஒரு காலை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வீட்டுக்காரம்மா சாவித்ரம்மா, "மளெ ஜோராகி பர்த்தா இதெ, ஹோக்பேடா" என்றார். எனக்குப் பிடிபட்டது மழையும் ஜோரும் மட்டும்தான்; போகாதே என்ற 'ஹோக்பேடா' பிடிபடவில்லை. எங்கள் கிருஷ்ணகிரியில் ஜோர் என்றால் பிரமாதம். மழையை ரசிக்கத் தெரிந்த அம்மா என்று மனத்துக்குள் மெச்சி, "ஆமாம்மா, ரொம்ப ஜோர்" என்று சிரித்துவிட்டு இறங்கினேன். பொம்மனஹள்ளி பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் உள்ளாடைவரை நனைந்துவிட்டேன். பஸ்ஸில் நான் இறங்குமிடம் சொன்னதும் கண்டக்டர், "ஜோராகி ஹேளி" என்றார். அழகாகச் சொல்லச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, "ஹெப்பகோடி" என்று இன்னும் மென்மையாகச் சொன்னேன். பின்னால் நின்ற ஒருவர் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து, "சத்தமா சொல்லுப்பா. ஜோர்னா இங்க சத்தம். மழைக்குச் சொன்னா பலத்த மழை" என்று இரண்டையும் ஒரே மூச்சில் தீர்த்துவைத்தார்.

சத்தம் எனக்கு வராத சமாச்சாரம். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' என்று நான் சொன்னது வாத்தியார் காதில் விழாமல், வகுப்பில் உட்கார்ந்தபடியே எத்தனையோ நாள் வராதவனாகியிருக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தேன். முடிவில் வேலை நிரந்தரமாகும், அல்லது கிருஷ்ணகிரிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம், "தம்பி பெங்களூர்ல பர்மனென்ட்" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

ஐந்தாவது மாதம் ஒரு பெரிய அழுத்த இயந்திரம் ஸ்பெயினிலிருந்து வந்தது. அதை நிறுவ மிகேல் என்ற பொறியாளரும் வந்தார். அவருடைய ஆங்கிலம் முழுவதும் சட்டைப்பைக்குள் அடங்குகிற ஓர் அகராதியில் இருந்தது. எனக்கும் ஆங்கிலம் அந்த அளவில்தான் என்பதால் இருவரையும் சேர்த்துவிட்டார்கள்.

அவருக்குப் பிடித்த வார்த்தை ஸ்ட்ராங். மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்து, "டூ ஸ்ட்ராங்" என்பார்; காரமாக்கும் என்று அவருக்கு நான் தயிர்சாதம் வாங்கி வந்தால், அந்தச் சோற்று மலையையும் பார்த்து, "திஸ் ஆல்ஸோ ஸ்ட்ராங்" என்பார். நமக்கு ஸ்ட்ராங் என்றால் காபி, அல்லது கணக்கில் கெட்டிக்காரப் பையன், அல்லது புஜம். தயிர்சாதம் எப்படி ஸ்ட்ராங் ஆகும்? புரியவில்லை. தலையாட்டினேன்.

விபரீதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மிகேல் இயந்திரத்தின் பின்புறம். முன்புறம் நான் ஒரு போல்ட்டைச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே, அழுத்தமானியில் தெரியும் எண்ணை அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். படித்தேன். பின்னாலிருந்து, "ஸ்ட்ராங்!" என்று குரல். ஸ்பேனரை ஓங்கித் திருகினேன், எண்ணைப் படித்தேன். "மோர் ஸ்ட்ராங்!" காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். மூச்சு வாங்கியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "முருகேசன், ப்ளீஸ், மோர் மோர் ஸ்ட்ராங்!" அவ்வளவுதான், எங்கள் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு தொங்கினேன். 'டக்' என்று போல்ட்டின் தலை என் கையோடு வந்துவிட்டது.

மிகேல் ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டார். மாற்று போல்ட் ஸ்பெயினிலிருந்து வர வேண்டும். அன்று மாலை மேனேஜர் நாகராஜ் கூப்பிட்டார். மேசையில் மிகேலின் குறிப்பு இருந்தது.

"ஏனப்பா, நீ இன்னும் ஸ்ட்ராங் ஆகணும்னு எழுதிருக்காரு. உடம்பைப் பாரு, ஊதுவத்தி மாதிரி. இந்த மெஷினுக்கு உன்னைப் போட முடியாது, தெரிஞ்சுக்கோ."

"சார், ஸ்ட்ராங்கா திருகினதாலதான் சார் உடைஞ்சுது."

"அப்போ அவரு ஏன் இப்படி எழுதறாரு?"

 நான் இன்னும் ஸ்ட்ராங் ஆகணுமாம் என்று வீட்டில் சாவித்ரம்மாவிடம் சொன்னேன். அவர் எனக்கு ராகிக்களி கிண்டத் தொடங்கினார். காலையில் இரண்டு முட்டை, ராத்திரி உருண்டை. ஒரு வாரத்தில் தொப்பை மட்டும் ஸ்ட்ராங் ஆனது. அம்மாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தை மூன்று முறை கிழித்தேன்.

பத்தாம் நாள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரையில் மழை கொட்டியது. மிகேல் மேலே பார்த்து, "ஸ்ட்ராங் ரெயின்" என்றார். பிறகு ரேடியோவைக் காட்டி, காதைப் பொத்திக்கொண்டு, "மியூசிக் டூ ஸ்ட்ராங்" என்றார். என் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. மழையும் ஸ்ட்ராங், சத்தமும் ஸ்ட்ராங். அகராதியைக் கேட்டு வாங்கினேன். அவர் விரல் வைத்துக் காட்டிய வார்த்தை, ஃபுவெர்த்தே. எதிரே வரிசையாக ஆங்கில அர்த்தங்கள்: ஸ்ட்ராங், லவுட், ஹெவி. மனிதர் எப்போதும் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்!

எச்சில் கையோடு நாகராஜ் அறைக்கு ஓடினேன்.

"சார், அவரு ஸ்ட்ராங்னு சொல்றது நம்ம ஜோரு சார்! ஜோராகி ஹேளுன்னு கேட்டிருக்காரு. நம்பர் அவருக்குக் கேக்கலை சார்!"

 நாகராஜ் மேசையில் தட்டிச் சிரித்தார். "ஜோரு! அதுதானா? ஐயோ, இதுக்கா ஒரு போல்ட்டு போச்சு?"

போல்ட் வந்த அன்று அவரே வந்து நின்றார். மிகேல் பின்புறம் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இருபது வருஷமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் சேர்த்து, "நைன்ட்டி!" என்று கத்தினேன். பக்கத்துக் கொட்டகையில் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் ஒன்று உயர்ந்தது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அக்கா கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தலைப்பொங்கலுக்கு அக்காவும் வந்திருந்தாள். டி.வி.யில் படம் ஆடியதால் ஆண்டெனாவைத் திருப்ப மொட்டைமாடிக்கு ஏறினேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தெரியுதா?" என்றேன். எதிர்வீட்டுக்காரர் பதறி வெளியே வந்தார். "யாருப்பா சண்டை போடறது? ஓ, பெங்களூர்க்காரரா!" என்று உள்ளே போனார். இத்தனை வருஷம் என் குரல் பக்கத்தில் நின்றாலும் கேட்காது என்றவர் அவர். பொம்மனஹள்ளியிலோ சாவித்ரம்மா யாரிடம் பேசினாலும் நான் இன்னமும் 'தமிழ் ஹுடுகா', தமிழ்ப் பையன்தான்.

கீழேயிருந்து அக்கா கத்தினாள்: "டேய், கன்னடம் வருதுடா! பெங்களூர் பக்கம் ரொம்பப் போயிட்ட. கொஞ்சம் நம்ம பக்கம் திரும்பு!"

திரும்பினேன்.

"ஐயோ, இப்ப ரெண்டுமே வரலை. இரு இரு, ரெண்டும் கலந்து ஏதோ தெரியுது. அப்படியே நில்லு, அசையாதே!"

கம்பத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.