அரோகரா சொல்லாமல் நடந்தேன்

நேர்ந்துகொண்டது என் மனைவி. மஞ்சள் காமாலை முற்றி நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் எழுந்து வந்தால் திருச்செந்தூருக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன். அதற்குள் அவளுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. நாலு படி ஏறவே சுவரைப் பிடிக்கிறாள். ஆனாலும், "இந்தத் தைக்கு எப்படியும் போயிருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொன்னால் செய்துவிடுவாள். அதனால் பாதயாத்திரைக்கான பச்சை வேட்டியை நான் கட்டிக்கொண்டேன். புருஷன் நடந்தாலும் நேர்ச்சை சேரும், வழியில் வண்டி ஏறினால் சேராது என்று தெருக் கோயில் பூசாரி சொல்லியிருந்தார். நான் ஏறிவிட்டால் அடுத்த தையில் அவள் கிளம்பிவிடுவாள்.

இருபது வருஷமாக மாவு மில்லில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் நான். முதல் நாள் எப்படியோ ஸ்ரீவைகுண்டம் பக்கம் வரை போய்விட்டேன். ஒரு மண்டபத்தில் படுத்து, விடிந்ததும் கிளம்பினோம். எங்கள் தெருக்காரர்கள் பதினைந்து பேர். முன்னால் போகிறவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் "கந்தனுக்கு" என்பார், எல்லோரும் "அரோகரா" என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நடுரோட்டில் குரலை உயர்த்துவது எனக்கு எப்போதும் வராத காரியம். வரிசையின் கடைசியில் தலையைக் குனிந்தபடி போனேன். அவர்கள் விலகிப் போகும்போதெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் தொடை இரண்டும் எரிய ஆரம்பித்தன. மூச்சு நெஞ்சிலேயே நின்றது. வாந்தி வரும்போல் இருந்தது. ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் எங்கள் மூட்டைகளை ஏற்றிவந்த வேன் நின்றது.

"ஏறும் வே சாமி. இங்கன யாரு பாக்கப் போறா?" என்றார் வேன்காரர்.

கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். கொஞ்ச தூரத்தில் நடந்து வருகிறவர்களுக்குக் கால் பிடித்துவிடப் பந்தல் போட்டிருந்தார்கள். அதுவரை மட்டும் நடந்து பார்ப்போம் என்று கையை எடுத்தேன்.

பந்தலில் ஒரு பெண் இருந்தார், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுக்கிறவர். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினார்களே, அந்தக் கருவியை மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு காட்டியது.

"ரத்தத்துல ஆக்சிஜன் நல்லா இருக்கு அண்ணாச்சி. நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. மூச்சுதான் பத்தல."

"மூச்சு பத்துது. ஒங்க வேகத்துக்கு அத வாங்கி எரிக்கத் தொடையாலதான் முடியல."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றனவாம். ரத்தம் கொண்டுவருகிற ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் அவை எரிக்கும். தினமும் நடக்கிறவருக்கு அடுப்பும் அதிகம், அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாயும் அதிகம். என்னைப் போல் உட்கார்ந்தே இருந்தவனுக்கு இரண்டும் குறைவு. அடுப்புக்கு மீறி வேகம் கேட்டால், சதை சேர்த்துவைத்த சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே அரைகுறையாக உடைத்துச் சமாளிக்கும். அது ரொம்ப நேரம் ஓடாது. எரிச்சலும் இளைப்பும் அதனால்தான். பைய நடந்தால் கொழுப்பும் கூட எரியும், இருக்கிற அடுப்பே போதும்.

இதற்குள் ஆட்டோக்காரர் என்னைத் தேடித் திரும்பி வந்துவிட்டார்.

"ஏன்வே, நீரு அரோகரா சொல்லுதீரா, இல்லையா?"

"மனசுக்குள்ள சொல்லுதேன்."

"மனசுக்குள்ள சொன்னா முருகனுக்குக் கேக்கும். எனக்குக் கேக்காண்டாமா? பின்னால சத்தம் கொறைஞ்சாத்தானே ஆளு தளருதான்னு நான் வேகத்தக் கொறைப்பேன்!"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அதே கணக்குதான் அண்ணாச்சி. வாய்விட்டுச் சொல்ல முடியுத வேகத்துல நடங்க. காலுக்கு ஆக்சிஜன் பத்தும்."

வெட்கமாகத்தான் இருந்தது. முதல் அரோகரா எனக்கே பிடிக்காத ஒரு கீச்சுக் குரலில் வந்தது. முன்னால் யாரோ, "சாமிக்கு வாயும் இருக்கு வே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வேகம் குறைந்தது. இப்படிப் போனால் எப்போது போய்ச் சேர என்று இரண்டு பேர் முனகினார்கள். எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் நடந்தேன். தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஊர்கள் மெதுவாகக் கடந்தன. எரிச்சல் அடங்கியது. அசதி மட்டும் போகவில்லை. எலும்புக்குள்ளேயே இறங்கியிருந்தது.

மதியம் தாண்டித்தான் ஊருக்குள் நுழைந்தோம். வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எங்கன நிக்கிய?" என்றாள்.

"வந்துட்டேன். திருச்செந்தூர்தான்."

"நடந்தேதானா?"

"நடந்தேதான்."

"கோபுரம் தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது."

"அப்ப போதும், நேர்ச்சை சேந்துட்டு. சித்த நேரம் உக்காருங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. போனைக் காதில் வைத்தபடி ஒரு கடைத் தூணில் சாய்ந்து நின்றேன்.