அறுப்பின் பண்டிகைக்கு வைத்த கேல் கீரை

மொட்டைமாடியில் கேல் என்கிற குளிர்தேசத்துக் கீரை போட்டிருப்பதாகச் சபையில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டவள் நான்தான். யாரும் கேட்காமலேதான் சொன்னேன். விருதுநகர் வெயிலில் செடிகள் ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை. எழும்பியதையும் புழு தின்றது.

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டு விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு, மதுரைக் கடையொன்றில் ஒரு கட்டு கேல் வாங்கினேன். லேபிளைக் கிழித்து, வாழைநாரால் கட்டி, பீடத்துக்கு முன்னால் வைத்தேன்.

ஏலத்தில் அதை எடுத்தவர் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஓர் அக்கா. எப்படிச் சமைப்பது என்று என்னிடம் கேட்டார். தண்டை உருவிப் போட்டுவிட்டு, இலையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் பண்ணச் சொன்னேன், காலங்காலமாக விளைவித்தவளைப் போல.

மூன்று வாரம் கழித்து அவர் தெரு வழியாகப் போனேன். கம்பெனி வேனிலிருந்து இறங்கியவர், கைகூடக் கழுவாமல் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். நான் உருவிப் போடச் சொன்ன தண்டுகளை வரிசையாக ஊன்றி, ஆடு கடிக்காமல் முள் அடைத்திருந்தார். தண்டுகள் காய்ந்து குச்சியாகியிருந்தன. சுற்றிலும் மண் மட்டும் ஈரமாக இருந்தது.

"குடிக்கிற தண்ணியத்தான் ஊத்துதேன் டீச்சர். இன்னும் துளிரே விடல. உங்க கைராசி எனக்கு இல்ல போல."

"பொறுத்துப் பாருங்கக்கா," என்றேன். "தண்ணிய மட்டும் விட்டுறாதீக."