பாஸ்டர் வீட்டில் இருக்கிறாரா?

ஜூலை 15, செவ்வாய். 4.50-க்கு எழுந்தேன். 5.10-க்கு மோட்டார் போட்டு 5.35-க்கு நிறுத்தினேன். ஆறரைக்குப் பால். ஏழேகாலுக்கு ஷேவிங். திருவொற்றியூரில் எங்கள் மூன்றாம் மாடிக் காலைகள் எல்லாமே இப்படித்தான். டைரியில் எழுதுவதற்கே கொஞ்சம் வெட்கம். ஆனாலும் எழுதிவிடுவேன்.

7.20-க்குக் கதவை உடைக்கிற மாதிரி ஒரு தட்டல். எதிர்வீட்டு ஆரோக்கியம் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். லுங்கி, பனியன்... காலில் செருப்பில்லை.

"தம்பி, அவ போய்ட்டாபா!"

அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு, "எந்த ஆஸ்பத்திரி அண்ணே?" என்றேன்.

அவர் விரலால் மேலே காட்டினார்.

கொஞ்சம் விளக்க வேண்டும். அண்ணனும் நானும் கத்தோலிக்கர்கள். ஞாயிறு முதல் பூசைக்குச் சேர்ந்தே போவோம். அக்கா மட்டும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, இரண்டு தெரு தள்ளி ஒரு சபையில் சேர்ந்துவிட்டார். அங்கே அடிக்கடி பேசப்படுவது இரகசிய வருகை. இயேசு ஒருநாள் சொல்லாமல் வருவார், விசுவாசிகளைக் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போவார். மிச்சமிருக்கிறவர்களுக்கு ஏழு வருட உபத்திரவம். மிச்சம் என்றால்... அண்ணனும் நானும்தான்.

அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்பில் உலை. மேஜைமேல் செல்போன். அதன்மேல் மூக்குக் கண்ணாடி. வாசலில் செருப்பு. ஆள் இல்லை.

"கண்ணாடி இல்லாம அவ பாத்ரூமுக்குக் கூட போமாட்டா. தூக்கிட்டாங்க தம்பி!"

வெளியே தூறல். துணி எடுக்கப் போயிருப்பார் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

"பாஸ்டர் வூட்ல கீறாரான்னு பாத்தா தெரிஞ்சிடும், வா" என்று அண்ணன் ஓடினார். பன்னிரண்டு வருடமாக அந்த பாஸ்டரைக் கிண்டல் செய்தவர்! பின்னால் நான், பாதி ஷேவிங்கோடு.

பாஸ்டர் தன் வீட்டு கேட் அருகே ஸ்கூட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"தோ கீறாரு! தம்பி, கீறாருபா!" அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஸ்தோத்திரம் பிரதர். இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல பாஸ்டர். நீங்க இருக்கீங்களான்னு பாக்க வந்தோம்" என்றேன் நான்.

அவருக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. தன்னை வீட்டில் கண்டதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டால் எந்தப் போதகருக்குத்தான் பிடிக்கும்?

திரும்பி வந்தபோது அக்கா ஈரத் துணி மூட்டையோடு வாசலில் நின்றார். "வூட்ட தொறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் எங்க ஊர்வலம்? கொடில இருந்த துணியெல்லாம் நனைஞ்சிடுச்சேன்னு மொட்ட மாடிக்கு ஓடுனேன். உலைய எறக்கி வெக்கக் கூட ஆளில்ல."

அண்ணன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத காட்சி.

"அத்தினி பயம் கீதுல்ல? முழுக்கு எடுத்துக்கோ. சேந்து போலாம்."

"அறுபத்தாறு வயசுல வேற வூட்டுக்கு மாப்ளயா போவ சொல்றியா?" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

இருவரும் பன்னிரண்டு வருடமாக நிற்கும் இடம் இதுதான். அவர் வரமாட்டார். அவர் இல்லாமல் போக அக்காவுக்கும் மனமில்லை.

மாலை ஆறு மணிக்கு அக்காவின் தம்பி தேவராஜ் எண்ணூரிலிருந்து வந்தார். அவரும் விசுவாசிதான், வேறு சபை. அங்கே கணக்கு வேறு. உபத்திரவம் முதலில், வருகை பிறகு. நடந்ததைக் கேட்டுச் சிரித்தார்.

"ரகசியமா வராருன்னு எவன் சொன்னான்கா? எக்காளம் ஊதிகினு வராரு. பேண்டு வாசிச்சிகினு திருட்டுத்தனமா வருவாங்களா?"

"கட்டிக்கப் போற பொண்ணை ஏழு வருசம் அடி வாங்க வுட்டுட்டு, அப்பால வந்து தாலி கட்டுவாரா மாப்ளை?" அக்கா விடவில்லை. சபை மணப்பெண், இயேசு மாப்பிள்ளை என்பது வேதத்தில் வருகிற உவமை.

தேவராஜ் நிதானமாகச் சொன்னார்: "யாரும் முன்னாடி போவமாட்டாங்க. ஏழு வருசமும் எல்லாரும் இங்கதான்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "நானுமா?"

"நீயும்தான்."

"இவரோடயா?"

"மாமாவோடதான்."

"மச்சான்," என்றார் அண்ணன், "அப்ப உபத்திரவம் எனக்கா, அவளுக்கா?"

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "நீ சொல்றது தப்புடா" என்றார் தம்பியிடம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தப்புதான்... ஆனா கேக்க நல்லா கீது."

முன்பா, பின்பா என்று மேடை போட்டு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் உடைந்த சபைகளும் உண்டு. எது சரி? எனக்குத் தெரியாது. எங்கள் கோயில் பிரசங்கத்தில் இந்தப் பேச்சு வந்ததாகவே நினைவில்லை. எதிர்வீட்டில் மட்டும் அது காலக்கணக்கு இல்லை. ஏழு வருடம் ஒருவர் தனியாகச் சாப்பிடுவதா, இல்லையா என்பதுதான்.

ஜூலை 16, புதன். 5.10-க்கு மோட்டார் போடக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு வாசலில் எஸ்தர் அக்கா. இடுப்பில் துணி வாளி.

உள்ளே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: "யோவ், எயுந்துரு. மாடிக்குப் போறேன். நீயும் வா."