பெரியப்பா வெட்டிய பாக்கு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சோழவந்தான்காரர்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். அவர்களிடம் போய்ப் பொட்டலப் பாக்கை நீட்டினால் மானம் போய்விடும் என்று அப்பா கடைத்தெருவெல்லாம் அலைந்து, முழுசு முழுசாகக் கொட்டைப்பாக்கு வாங்கி வந்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

அப்போது நான் புதைபடிவ ஆராய்ச்சியில் மூன்றாவது வருஷமாக மாரடித்துக்கொண்டிருந்தேன். என் பாடம் பிராக்கியோபாட் என்ற கடல் உயிர். பார்க்கச் சிப்பி மாதிரி இருக்கும், சிப்பி கிடையாது. சிப்பிக்கு ஓடுகள் இடமும் வலமும். இதற்கு மேலும் கீழும். உள்ளே இரை பிடிக்கும் உறுப்பைத் தாங்க, சுண்ணாம்பில் ஒரு வளையம் இருக்கும். வீட்டில் இதை எத்தனையோ தடவை விளக்கியாயிற்று. அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம், "மக சிப்பி படிக்கிறா" என்றுதான் சொல்வாள்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் எனக்கு ஒன்றே ஒன்று கிடைத்திருந்தது. பழுப்பு நிறம், உருண்டை, ஏழெட்டுக் கோடி வருஷப் பழசு. எங்கோ தூர தேசத்துப் பாறைகளில் மட்டும் அகப்பட்ட, அடியோடு அழிந்துபோன ஒரு பேரினம் நம் பக்கத்துக் கடலிலும் வாழ்ந்தது, அதற்கு இதுவே சாட்சி என்பதுதான் என் ஆய்வேட்டின் மொத்த வாதம். அது உண்மையானால் உள்ளே இருக்கும் வளையம் ஓட்டின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும். அறுத்துப் பாருங்கள் என்று என் வழிகாட்டி வருஷா வருஷம் சொன்னார். இருப்பது ஒன்று, அறுத்தால் போச்சே சார் என்று நானும் வருஷா வருஷம் சொன்னேன்.

படம் வரைவதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். காலையில் கழுவி, ஈரம் காயட்டும் என்று கூடத்து மேசையில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா கூடத்தைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தாள். அதற்குள் பட்டுப்புடவையோடு அத்தை வந்துவிட, அவள் கையில் மாட்டிக்கொண்ட எனக்குக் கிண்ணத்தின் நினைவு வரவில்லை.

காபித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். தலையைக் குனிந்துகொள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அத்தை ஓதி அனுப்பியிருந்தாள். குனிந்த தலை குனிந்தபடி மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் போய் நின்றேன். கேசரி சாப்பிட்ட கையோடு அவர் தாம்பூலத்துக்கு வந்திருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"என்னண்ணே, பாக்கு சரியில்லையா?" என்றார் அப்பா, கவலையோடு.

"சரியில்லைன்னு சொல்ல முடியுமா? அம்புட்டும் உரம். பத்து நிமிசமா ஊற வைக்கிறேன், அசைய மாட்டேங்குது. லேசா உப்புக் கரிக்குது" என்று நாக்கால் அதை ஒரு புரட்டுப் புரட்டினார்.

உதட்டோரம் ஒரு கணம் தெரிந்தது. ஓட்டின் வளர்ச்சிக் கோடுகள். அவர் வாயில் இருந்தது என் கல்.

"துப்புங்க அதை!"

மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். உண்மையைச் சொன்னால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. களத்தில் எலும்பா கல்லா என்று அறிய நாங்களும் கல்லை நக்கிப் பார்க்கிற கூட்டம்தான்.

பெரியப்பா தங்கமான மனிதர். பல்லுக்குச் சேதம் வந்துவிடுமோ என்று பெண் பதறுவதாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா, வர்றதுக்கு முன்னாலயே என்னா கரிசனம்!" என்று நெகிழ்ந்துபோய், அதை வாயிலிருந்து எடுத்துத் துண்டில் துடைத்தார். "நீ பயப்படாத தாயி, வெட்டியே போட்டுக்கிறேன்" என்று மடியிலிருந்து பாக்குவெட்டியை உருவினார். நான் தட்டைக் கீழே வைப்பதற்குள் ஒரு அழுத்து. டக்.

நடுவில் குறுக்காக இரண்டாகப் போனது. பட்டுப்புடவையோடு தரையில் மண்டியிட்டு இரண்டையும் பொறுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பின்பாதியில் கட்டையாக ஒரு வளையம், அங்கேயே முடிந்துவிட்டிருந்தது. முன்பாதியில் வளையத்தின் சுவடே இல்லை, வெறும் வெள்ளைப் படிகம். அது என் பேரினம் அல்ல. இந்தப் பக்கம் கூடைகூடையாகக் கிடைக்கிற சாதாரணச் சரக்கு.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பாக்குக்கா அழுகுற?" என்று பெரியப்பாவே கண் கலங்கினார். "கிண்ணத்துல கெடந்துச்சேன்னு நாந்தான் வெத்தலைத் தட்டுல எடுத்து வச்சேன்" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நிலைமையைச் சமாளிக்க அத்தை, "ரெண்டு பேரும் உள்ள போயி கொஞ்சம் தனியாப் பேசட்டுமே" என்றாள்.

என் அறையில், கதவைத் திறந்து வைத்தபடி, மாப்பிள்ளை நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் பிராக்கியோபாட் பற்றிக் கேட்டதில்லை.

"உள்ள பாத்தது நீங்க ஒருத்தர்தானே?" என்றார்.

"ஆமா."

"அப்ப ஒட்டிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழுகிறவளைத் தேற்றத்தான் சொன்னார். நான் மேசை டிராயரை இழுத்தேன். பசை டியூபை எடுத்து மூடியைத் திருகித் திறந்தேன். அவர் இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அறை முழுக்கப் பசை வாடை. மூன்று வருஷமாக நான் பயந்தது கல் உடைவதற்கல்ல, உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூடியைத் திருகி மூடினேன்.

மறுநாள் இரண்டு துண்டையும் வழிகாட்டியின் மேசையில் வைத்தேன். லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"எதை வச்சு அறுத்தீங்க?"

"பாக்குவெட்டி சார்."

அத்தியாயத்தைப் புதிதாக எழுதச் சொன்னார். எழுதினேன்.

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா பாக்கை உடைத்த கோபம் என்று அவர்கள் வீட்டில் நினைத்தார்கள். பெண்ணுக்குக் கிறுக்கு என்று எங்கள் வீட்டில். இரண்டும் இல்லை. அவர் நல்ல மனிதர், எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் நான் அந்தப் பசை மூடியைத் திறந்ததைப் பார்த்த ஒரே ஆள் அவர். ஆயுசு முழுக்க அந்தக் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.