எல்லாருக்கும் ஒரே பௌர்ணமி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. லாட்ஜ் புக்கிங், கோயில் பஞ்சாங்கம் என்று சில மென்பொருட்கள் செய்கிறோம். பௌர்ணமி என்றைக்கு என்று கணக்குப் போடும் நிரல் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிரல் தொகுப்பில், எங்கள் பாஷையில் லைப்ரரியில், இருந்தது. எல்லா மென்பொருளும் அதைத்தான் இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வெளியே அனுப்பும் பில்ட் வேலை என்னுடையது.

எந்த மென்பொருளுக்கு லைப்ரரியின் எந்த வெர்ஷன் என்று எழுதிவைத்துவிட வேண்டும்; நாமாக மாற்றும்வரை அது மாறாது. உலகமே அப்படித்தான் செய்கிறது. எங்கள் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா, ஒரே வூட்டுல ஆளுக்கொரு அடுப்பா? எப்பவும் புதுசு எதுவோ அத்த எடுத்துக்கட்டும்."

மனிதர் கூடப்பிறந்தவர்களோடு பாகப்பிரிவினை கேஸ் நடத்திக்கொண்டிருந்தார். ஒற்றுமையை எங்கள் லைப்ரரியில் மட்டும் காப்பாற்றினார்.

செங்கம் ரோட்டில் என் அக்கா தன் வீட்டு மாடியில் புதிதாக அறைகள் கட்டியிருந்தாள். நச்சரித்து அவளை எங்கள் மென்பொருளில் சேர்த்தது நான்தான்.

"பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற குடும்பங்களை நம்பித்தான்டி கட்டியிருக்கேன். ஒருதரம் வாசல்ல நிக்க வெச்சிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் வர மாட்டாங்க" என்றாள்.

"நான் இருக்கேன்க்கா" என்றேன். பெரிய இவள் மாதிரி!

அந்த மாதம் பஞ்சாங்க மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர் லைப்ரரியில் கை வைத்தார். சூரிய உதயத்தில் பௌர்ணமித் திதி எந்த நாளில் இருக்கிறதோ அதுதான் பௌர்ணமி என்று மாற்றினார். பஞ்சாங்கத்துக்கு அது சரி. ஆனால் அந்த மாதம் திதி முதல் நாள் பகலிலேயே தொடங்கிவிடும்; கிரிவலம் போகிறவர்களுக்கு அந்த இரவுதான் பௌர்ணமி. முழு நிலா அன்றைக்குத்தானே இருக்கும்! இவர் மாற்றியது எனக்குத் தெரியாது. அதே வாரம் லாட்ஜ் மென்பொருளின் முகப்பில் தன் போட்டோவைப் பெரிதாகப் போடச் சொன்னார் முதலாளி. போட்டேன். அதற்காக மறுபடி கட்டி அனுப்பியபோது போட்டோவோடு புது லைப்ரரியும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. மறுநாள் அந்தப் பௌர்ணமிக்கான புக்கிங் திறந்தது.

புக்கிங் ரசீதில் தேதி கிடையாது, 'பௌர்ணமி இரவு' என்று மட்டும் இருக்கும். "பௌர்ணமி எப்போனு தெரியாதவன் இந்த ஊருக்கு ஏன் வர்றான்?" என்பது முதலாளி வாதம். உண்மைதான். ஊரில் அது தெரியாதது எங்கள் மென்பொருளுக்கு மட்டும்தான்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் அக்கா போனில் அழுதாள். ஓடினேன். வாசலில் ஆந்திராவிலிருந்து வந்த வேன், சித்தூர் குடும்பங்கள், மூட்டைமுடிச்சு. அவர்களுக்கான அறைகளை மென்பொருள் மறுநாளுக்கு எடுத்துவைத்திருந்தது. இன்றைய இரவைச் சாதாரண நாள் என்று வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டது. அவர்களில் ஒருவர் மௌன விரதம். எது கேட்டாலும் கும்பிட்டுச் சிரித்தார். அவரோடு சண்டை போடக்கூட வழியில்லை.

"போன்ல ரசீதப் பாருங்கம்மா, பௌர்ணமினு போட்டிருக்கு இல்ல?" என்று கத்தினார் ஒரு பெரியவர். அவர் தலைக்கு மேலே நிலா வந்திருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"பதறாதம்மா. நம்ம சாப்ட்வேர்ல நாளைக்குத்தான பௌர்ணமி? ஒரு நாள் வெயிட் பண்ணச் சொல்லேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை ரோட்டில் வீசியிருப்பேன். அக்கா தன் படுக்கையறையையும் கூடத்தையும் திறந்துவிட்டாள். இடம் பத்தாதவர்கள் திட்டிக்கொண்டே வேனில் ஏறினார்கள். அவள் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பார்க்க முடியவில்லை எனக்கு.

மறுநாள் யாரையும் கேட்காமல் லாட்ஜ் மென்பொருளுக்கு லைப்ரரியின் பழைய வெர்ஷன்தான் என்று எழுதிவைத்தேன். முதலாளி கண்டுபிடித்துவிட்டார்.

"குடும்பத்த ஒடச்சிட்டியேம்மா" என்றார் தழுதழுத்த குரலில்.

அக்காவுக்குப் போன் செய்து, சரிபண்ணிவிட்டேன், இனிமேல் தப்பாது என்றேன்.

"சந்தோசம்டி. பசிச்சா வா, சாப்டு. ரூம் பேச்சு மட்டும் இனிமே என்கிட்ட எடுக்காத" என்றாள்.