வாய் திறக்க ஜெபித்தேன்

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை. வீட்டில் பேசுவேன், தம்பியோடு சண்டை போடுவேன், களை எடுக்கப் போனால் கூட இருக்கிற பெண்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற யாராவது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும். தொண்டை அடைத்துக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அப்படி இருந்த என்னை ஆண்டவர் எப்படி நடத்தினார் என்பதைத்தான் சபையாராகிய உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். என் பெயர் சலோமி.

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். நிலத்துக்காரரை எங்கள் ஆட்கள் 'ஆண்டே' என்பார்கள். ஆண்டே பேசும்போது தரையைப் பார்க்க வேண்டும். அவர் என்ன கேட்டாலும் 'ஆமாங்க' என்பதுதான் பதில். இதை யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெற்றவர்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டது. எனக்குப் படிப்பு வந்தது, இது மட்டும் போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் காலேஜில் சேர்ந்தேன். எங்கள் காலனியிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் நான்தான். புறப்பட்ட அன்று உபதேசியார் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். சபையே பஸ் ஏற்றிவிட வந்தது. எல்லார் முகத்திலும் சந்தோஷம். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விலங்கியல் எடுத்திருந்தேன். எங்கள் பிரிவில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கும். ஒவ்வொரு பெண்ணும் தன் முறை வரும்போது எல்லார் முன்னாலும் நின்று ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு மண்புழுவைக் கொடுத்தார்கள். மண்புழுவைப் பற்றி எனக்குத் தெரியாததா? அதோடு வளர்ந்தவள் நான். எழுந்து போய் நின்றேன். முன்வரிசையில் ஆசிரியைகள் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், சத்தமே வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் வெளியே ஓடிப்போய் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

படித்தது போதும், ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். களை எடுக்க யார் முன்னாலும் பேச வேண்டியதில்லையே. ஆனால் பஸ் ஏற்றிவிட வந்த முகங்களை எப்படிப் பார்ப்பது? அன்றிலிருந்து தினமும் ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, ஒன்று என் வாயைத் திறவும், இல்லாவிட்டால் என்னை இங்கிருந்து கொண்டுபோய்விடும். மாதக்கணக்கில் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜெபிக்கவே சலிப்பாக வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் வசந்தா. தென்னேரிக்காரி, சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம், சாமி கும்பிடுகிறவள். என்னை விடாமல் சீண்டுவாள். "ஏன்டி, மண்புழுகூட மண்ணுல போட்டா நெளியும். நீ இன்னாடி கல்லு மாதிரி நின்னுக்கினு இருந்த?" என்பாள். கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

ஹாஸ்டலில் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வது அறைக்கு ஒரு வாரம் என்று முறை உண்டு. எங்கள் அறையின் முறை வந்த வாரத்தில் சோற்றில் ஒரே கல். வாயில் வைக்க முடியவில்லை. வார்டனிடம் போய்ச் சொல்ல வேண்டும். வசந்தா கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"நான் போவ மாட்டேன். நீ போயி சொல்லு."

"சோத்த போயி எப்டிடி கொற சொல்றது?" என்றேன்.

"பல்லு ஒடஞ்சா யாரு பல்லு?"

எங்கள் வீட்டில் கொடுத்ததைச் சாப்பிடுவோம். கழனியில் ஊற்றுகிற கூழில் பூச்சி மிதந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்போம். அதைக் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லலாம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. வார்டன் அறை வாசலில் நெடுநேரம் நின்றேன். அவரே நிமிர்ந்து பார்த்து என்னம்மா என்றார். "மேடம், சோத்துல கல்லு கீது" என்று எங்கள் வீட்டுப் பேச்சிலேயே வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அரிசியை மாற்றச் சொல்கிறேன் என்றார். மறுநாளே மாற்றினார்கள்.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. நான் சொன்னதற்காக நாற்காலியில் இருக்கிற ஒருவர் ஒரு காரியத்தை மாற்றினார். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கும்போது அழுகை வந்தது. ஆனாலும் இதுதான் ஆண்டவருடைய பதில் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, வகுப்பில் ஆசிரியை பூச்சி மருந்தைப் பற்றி நடத்தினார். அது பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது, மனிதருக்கும் அப்படித்தான் என்றார். நான் எழுந்தேன். எனக்கே ஆச்சரியம். "குடிக்காம, மேல துணியில கொட்டினா?" என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் மருந்தைக் கையாலேயே கலக்குவதை நினைத்துத்தான் கேட்டேன். துணியில் கொட்டினால் தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், உடனே துணியைக் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். காலேஜில் அதுவரை நான் வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவில் ஊருக்கு வந்திருந்தேன். பங்குனி வெயில். நிலத்துக்காரர் கழனியில் நெல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் மருந்தைக் கலந்து, அடிக்கிறவருக்கு ஊற்றிக் கொடுப்பது அம்மாவின் வேலை. மத்தியானம் நான் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். வரப்பில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் அம்மா கிடந்தாள். வாயில் எச்சில் வழிந்தது. உடம்பெல்லாம் வேர்வை. தொடையிலும் கையிலும் சதை துடித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

"வெயிலு தாங்கல, வுயிந்துட்டா" என்றார்கள்.

அம்மாவின் புடவையிலிருந்து மருந்து நெடி அடித்தது. கேட்டேன். காலையிலேயே டப்பா சாய்ந்து இடுப்புக்குக் கீழே கொட்டிவிட்டதாம். புடவையைப் பிழிந்து விட்டுக்கொண்டு அதோடேயே வேலை செய்திருக்கிறாள். "மேலதானே கொட்டிக்கிச்சி, குடிக்கலியே" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான். வாய் வழியாகப் போனால்தான் விஷம்.

நிலத்துக்காரர் டிராக்டர் கொண்டுவந்தார். அடுத்த கழனியிலிருந்து ஓடிவந்த நைனாவும் நானும் அம்மாவைத் தூக்கிப் போட்டோம். நிலத்துக்காரரும் ஏறிக்கொண்டார். புறப்படும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "மருந்து கிருந்துன்னு ஆஸ்பத்திரில எவனும் வாய வுடாதீங்க. போலீஸ் கேஸாயிடும். வெயில்ல மயக்கம், அவ்ளோதான்."

நைனா தரையைப் பார்த்து "ஆமாங்க" என்றார்.

அவருக்கு வேறொரு பயமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், சாகவேண்டும் என்று குடித்துவிட்டாள். பிறகு என்ன சொன்னாலும் ஊர் நம்பாது. புடவையைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று நைனாவின் காதில் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆம்பளைங்க கீற வண்டில பொடவைய அவுக்க சொல்றியா? ஒங்கம்மா மருந்து குடிச்சான்னு நாலு பேரு பேசினா நான் எப்டி கோயில்ல போயி நிப்பேன்? நீ வாய தொறக்கக்கூடாது சலோமி. சொல்லிட்டேன்."

நைனா என்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் இளைஞர், வேர்த்து விறுவிறுத்து நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டார். நிலத்துக்காரர் முந்திக்கொண்டு வெயில் என்றார். நைனாவும் வெயில் என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? புடவைமேலேயே தண்ணீரை ஊற்றி விசிறச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் திரும்பினார். அந்தப் புடவை அம்மாவின் தோலோடு ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு மூச்சு கரகரவென்று இழுத்தது. அவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது என்ன ஜெபித்தாய் என்று இன்றும் கேட்கிறார்கள். ஜெபமே வரவில்லை. ஆண்டவரே என்றேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை. தொண்டை வழக்கம்போல் அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரோடேயே டாக்டரின் கையைப் பிடித்துவிட்டேன்.

"டாக்டர், வெயில் இல்ல. பூச்சி மருந்து. குடிக்கல. காலையில பொடவைல கொட்டிக்கிச்சி. இன்னும் அந்தப் பொடவையோடதான் கீறாங்க."

நிலத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நைனா என் தோளைப் பிடித்து இழுத்தார். "காலேஜுக்குப் போயி புத்தி கொயம்பிக் கீது சார், அவ பேச்ச கேக்காதீங்க" என்றார்.

நான் தலையைக் குனியவில்லை. "நான் கண்ணால பார்த்தேன் டாக்டர். மோந்து பாருங்க" என்றேன்.

டாக்டர் குனிந்தார். அம்மாவின் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு மறைப்பு போடச் சொன்னார். புடவையைக் கழற்றி வெளியே போட்டார்கள். சோப்புப் போட்டு நானும் நர்ஸும் அம்மாவைத் தேய்த்துக் கழுவினோம். ஊசி போட்டார்கள். விட்டு விட்டு மறுபடியும் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எச்சில் வழிவது நின்றது. மூச்சு சீரானது. அம்மா கண்ணைத் திறந்து, "தம்பி சாப்ட்டானா?" என்று கேட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வேறு என்ன சொல்ல?

இன்னும் கொஞ்ச நேரம் புடவையோடு விட்டிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் நைனாவிடம் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். தவறிக் கொட்டியது என்று டாக்டரே சொன்னார். வந்தவர் போய்விட்டார். நாங்கள் பயந்த கேஸ் அவ்வளவுதான்.

ஆனால் எல்லாம் சுகமாக முடிந்தது என்று சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. நிலத்துக்காரர் அதன்பிறகு எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. நைனா வாலாஜாபாத்தில் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். என்னோடு அவர் பேசவில்லை. அம்மா பிழைத்ததற்குச் சந்தோஷம்தான், ஆனால் நாலு பேர் முன்னால் தன் பேச்சைப் பெண் மீறியதை அவரால் விழுங்க முடியவில்லை. லீவு முடிந்து பஸ் ஏறும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எனக்கு ரொம்ப வலித்தது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் மறுபடி என் முறை வந்தது. பேசினேன். பிரமாதமாகப் பேசினேன் என்று சொல்லமாட்டேன், வசந்தா தூங்கிவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மேடையில் பேசுவதற்காக ஜெபித்தேன். ஆண்டவர் கல் கிடந்த சோற்றையும் சீண்டுகிற சிநேகிதியையும் வைத்து, வேறொரு இடத்துக்காக என்னைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். காலேஜ் எனக்குப் பட்டம் கொடுத்தது, டீச்சர் வேலை கொடுத்தது. நன்றிதான். ஆனால் அங்கே எனக்குக் கிடைத்த பெரிய செல்வம், நான் சொன்னால் கேட்பார்கள் என்கிற நம்பிக்கை. அதை எந்தப் பரீட்சையும் கேட்கவில்லை.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்கிறவர்கள் எழுந்து சொல்வார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, நைனா எழுந்தார். அவரும் என்னைப்போலத்தான், சபையில் ஒரு நாளும் பேசியதில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எம் பொண்ணு எம் பேச்ச கேக்கல. அதனால எம் பொஞ்சாதி உசுரோட கீறா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா அதன்பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். எங்கள் காலனிப் பெண்கள் மருந்து கொட்டினால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து குளிக்கிறார்கள். ஆண்டே முறைத்தாலும் வருகிறார்கள்.

உங்களில் பலர் மகளைப் படிக்க அனுப்ப ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்கள். நம்பிக் கேளுங்கள், என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார். ஒன்று மட்டும் சொல்கிறேன். படிக்கப் போன பெண் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, நீங்கள் சொல்வது சரியில்லை நைனா என்று நேருக்கு நேர் பார்த்துச் சொல்லுவாள். உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். அவளை அதட்டி உட்கார வைத்துவிடாதீர்கள். உங்கள் ஜெபம் கேட்கப்பட்ட நாள் அதுதான்.